மூன்றாவது கூப்பாடு

வெள்ளவத்தை,
1938 மார்கழி 15ஆம் திகதி

கொட்டாஞ்சேனை அச்சக உரிமையாளர் இராமர் அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய புரூப் தாள்கள் கிடைத்தன. எழுத்துகள் தெளிவாக விழுந்திருக்கின்றன. அட்டையின் நான்கு மூலையிலும் வைத்த பூ வேலைப்பாடு அடக்கமாக இருக்கிறது. உயிரோடு இருந்தபோது அடக்கம் நாகேந்திரத்திடம் மருந்துக்கும் இருந்ததில்லை, செத்த பிறகாவது வரட்டும். பதினாறு பக்கங்களையும் இரண்டு தடவை படித்தேன். பிழை ஒன்றே ஒன்றுதான். பன்னிரண்டாம் பக்கம், ஏழாம் வரி. ‘மும்முறை’ என்று இருப்பது ‘இருமுறை’ என்று வர வேண்டும்.

நேற்று அச்சகத்துக்கு வந்து இதை வாயால் சொன்னபோது நீங்கள் தலையைச் சொறிந்தீர்கள். “ஐயா, பாட்டு எழுதுன புலவரு ஒரு எழுத்தக்கூட மாத்தக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. கோவக்கார மனுசன். என்னா காரணம்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, அவருகிட்ட காட்டிட்டு மாத்திப்புடுறேன்” என்றீர்கள். நியாயமான பேச்சு. நான் வேலை பார்க்கும் கந்தோரில் நானும் அப்படித்தான், காரணம் எழுதாமல் ஒரு கோட்டைக்கூட அழிக்க விடமாட்டேன். ஆகையால் எழுதுகிறேன். சுருக்கமாக முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு நீங்கள் எத்தனையோ அச்சடித்திருப்பீர்கள். ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அவருடைய வாழ்க்கையைப் பாட்டாக்கி, புத்தகமாகப் போட்டு, சாப்பிட வந்தவர்கள் கையில் கொடுப்போம். காகிதத்தில் அச்சடித்தாலும் அதற்குப் பெயர் கல்வெட்டு. கல் என்று பெயர் வைத்துவிட்ட ஒன்றில் பிழை இருக்கலாமா? புலவர் இப்படி எழுதியிருக்கிறார்:

மும்முறை கூவினான் தோழனை; மூழ்குமுன்
அம்முறை பாய்ந்தனன் ஆற்றினில் தோழனும்.

அந்தத் தோழன் நான்தான். கூவியவன் நாகேந்திரம். அவன் மும்முறை கூவவில்லை.

நாகேந்திரம் என் கூட்டாளி. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், போடிங் வீட்டின் மேல்மாடி அறையில் ஆறு வருடம் ஒன்றாக இருந்தோம். காலையில் ஒரே றெயில், கொழும்புக் கோட்டையில் ஒரே கந்தோர், அங்கே பக்கத்துப் பக்கத்து மேசை. இருவரும் படவரைஞர்கள். துரைமார் அளந்துகொண்டு வரும் ஆறு குளங்களைத் தாளில் கீறிக் கொடுப்பது எங்கள் வேலை.

எனக்கு அவனைப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொன்னால் நம்பமாட்டீர்கள். அவனைப் பிடிக்காத ஒருவரையும் நான் கொழும்பில் கண்டதில்லை. சிரித்துக்கொண்டே வருவான், தோளில் கையைப் போடுவான். “மச்சான், உன்ரை குடையை ஒருக்காத் தாவன். பின்னேரம் தாறன்” என்பான். பின்னேரம் அவன் வருவான், குடை வராது. குடைக்குப் பிறகு சவரக்கத்தி, அதற்குப் பிறகு என் அப்பா தந்த சரிகைச் சால்வை. கேட்டால், “ஐயோ மச்சான், மறந்தே போனன்” என்று அவன் காட்டுகிற மன வருத்தத்தைப் பார்த்து நாம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

பொருள்கள் போகட்டும். ஏழு வயதில் சாவகச்சேரிச் சந்தையில் ஒரு ஆட்டுக்கடா என்னை முட்டி மோர்ப்பானைக்குள் விழுத்திய கதையை ஒரு நாள் அவனுக்குச் சொன்னேன். அடுத்த கிழமை கந்தோரில் அதே கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான், மோர்ப்பானைக்குள் விழுந்தது அவன் என்று. நானும் சிரித்தேன், நன்றாகத்தான் சொன்னான். பிற்பாடு ஒரு விருந்தில் நான் அதைச் சொல்லத் தொடங்கியபோது, “அது நாகேந்திரத்தின்ரை கதையெல்லே, அவர் சொல்லிக் கேக்க வேணும்” என்று ஒருவர் என்னை நிறுத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிருலப்பனையில் இருக்கும் அவனுடைய அக்கா ஜெகதீஸ்வரி வீட்டில் இருவருக்கும் சாப்பாடு. அக்கா எனக்குத்தான் முதலில் பரிமாறுவார். “தம்பி, நீங்கள் அவனுக்குப் பக்கத்திலை இருக்கிறபடியால்தான் எனக்கு நித்திரை வருது” என்பார். கல்வெட்டு அச்சடிக்க உங்களிடம் வந்தவர் அவர்தான். மெலிந்துபோய்விட்டார், பார்த்திருப்பீர்கள்.

சென்ற புரட்டாதியில் எங்கள் தலைமைப் படவரைஞர் ஓய்வு பெற்றார். அவருடைய மேசை யன்னலோரம் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்துக்குள் கப்பல் வருவது தெரியும். பதினொரு வருடமாக நான் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது வேண்டும். பசித்தவனுக்குச் சோறு வேண்டுவது போல வேண்டும், இதில் எனக்கு வெட்கம் இல்லை. துரை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மகாவலிக் கரையில் ஒரு ஊரில் இரண்டு மாதம் தங்கி ஆற்று மட்டம் எடுத்துப் படம் கீறி அனுப்ப வேண்டும், அந்தப் படத்தைப் பார்த்து ஒருவருக்கு அந்த மேசை என்றார்.

அந்தப் பயணத்துக்காகக் கோட்டையில் ஒரு சோலாத் தொப்பி வாங்கினேன். கெட்டியான தொப்பி, உள்ளே பச்சைத் துணி. உட்சுற்றில் மையால் என் பெயரை எழுதினேன். ஸ்ரீஸ்கந்தராசா என்பது நீளமான பெயர், முக்கால்வாசிச் சுற்றைப் பிடித்துக்கொண்டது. மன்னம்பிட்டியில் றெயிலை விட்டு இறங்கும்போது அந்தத் தொப்பி நாகேந்திரத்தின் தலையில் இருந்தது.

அங்கிருந்து மாட்டு வண்டியில் ஒரு பகல் முழுவதும் காட்டு வழி. நாங்கள் தங்க வேண்டிய ஊரான மருதஞ்சேனை, ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறது. முப்பது வீடுகள் இருக்கும், முஸ்லிம்களும் தமிழரும் கலந்த ஊர். சந்தைக்கும் ஆறு, சம்பந்தத்துக்கும் ஆறு, தோணி இல்லாமல் ஒன்றும் நடக்காது. நாங்கள் இந்தக் கரையில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் தோணி கட்டியிருந்தது தெரிந்தது, பக்கத்துக் குடிசையில் புகையும் தெரிந்தது. நாகேந்திரம் கையை வாயில் குவித்துப் பலமாகக் கூப்பிட்டான். ஒரு அசைவும் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டான். அதற்கும் இல்லை. “செவிட்டு ஊர் மச்சான்” என்று சொல்லிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான். அவன் எதிலும் அப்படித்தான், இரண்டு தரத்துக்கு மேல் முயலமாட்டான். மூன்றாவதாக நான் கூப்பிட்டேன். குடிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து தோணியை அவிழ்த்தார்.

“பாத்தியே, என்ரை சத்தம் இப்பதான் போய்ச் சேந்திருக்கு” என்றான் நாகேந்திரம்.

தோணிக்காரர் பெயர் ஸாலிஹ். அறுபது வயது இருக்கும். அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், ஊரில் எல்லாருக்கும் அவர் ஸாலிஹ் காக்கா. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். நடு ஆற்றில் நாகேந்திரம் கேட்டான்: “காக்கா, முதல் கூப்பிட்டது கேக்கேல்லையோ?”

“கேட்டிச்சுத் தம்பி. மொதக் கூப்பாடு ஆத்துர. ரெண்டாவது, ஆத்தோட போனவங்கட. ரெண்டுக்கும் எழும்பக் கூடா. மூணாவதுதான் மனுசன்ட. எங்கட வாப்பாட காலத்துல ஒராள் மொதக் கூப்பாட்டுக்கே தோணியத் தள்ளிப் போனவர். தோணி வந்திச்சு, அவர் வரல்ல.”

“கண்ணுக்கு முன்னாலை நிண்டு ஒருத்தன் கூப்பிட்டாலுமோ?”

காக்கா சிரித்தார். “மொகம் தெரிஞ்சா என்னத்துக்குத் தம்பி எண்ணுற?”

கேட்டதை உடனே குறித்துவைப்பது என் பழக்கம். களப் புத்தகத்தின் ஓரத்தில் ‘மூன்றாவது கூப்பாட்டுக்கு மட்டுமே பதில்’ என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத அந்த ஓரத்தில் இடம் இருக்கவில்லை.

எங்களுக்கு ஸாலிஹ் காக்காவின் வளவுக்குள்ளேயே ஒரு ஓலை வாடி போட்டுக் கொடுத்தார்கள். ஒரு கிழமைக்குள் நாகேந்திரம் ஊருக்குச் செல்லப்பிள்ளை ஆகிவிட்டான். காக்காவின் வெற்றிலைப் பெட்டி அவன் மடியில் கிடக்கும், காக்காவே அவனிடம் கேட்டு வாங்கிப் போடுவார். இருட்டிவரும் மம்மல் பொழுதில் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று இரண்டு தரம் கூப்பிடுவான். காக்கா வலையை விட்டு அசையமாட்டார். இவன் வெளியே வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான், அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆட்டுக்கடாக் கதை அங்கேயும் நன்றாக எடுபட்டது.

வேலையை நான் பார்த்தேன். கரையிலிருந்து ஒன்பது அடி தள்ளி ஆற்றுக்குள் மட்டப்பலகை ஒன்றை நட்டேன். அதில் அடியும் அங்குலமும் கீறியிருக்கும், தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். அங்கே போய் நிற்பதற்குக் கரையிலிருந்து ஒரு நடைப்பலகை போட்டு இரண்டு முளை அடித்தேன். காலை ஆறு மணி, மாலை ஆறு மணி, ஒரு நாளும் தவறவில்லை. ஐந்து கிழமையில் நாகேந்திரம் ஒரு தடவைகூடப் பலகைப் பக்கம் வரவில்லை, ஆற்று மீன் பொரியலும் பகல் நித்திரையும் அவனுக்கு ஒத்துக்கொண்டன. படத்தையும் நானே கீறினேன். ஆற்றின் வளைவுகள் அவ்வளவு வடிவாக என் கையில் வந்ததில்லை. முடித்து மை காய்ந்துகொண்டிருந்தபோது அவன் வந்து பார்த்தான்.

“அருமை மச்சான். பேனையை ஒருக்காத் தாவன்.”

கொடுத்தேன். கீழே தன் பெயரை எழுதினான். நான் என் பெயரை எழுதப் பேனைக்குக் கை நீட்டுவதற்குள், தபால்காரன் எதிர்க்கரையில் நிற்கிறான் என்று படத்தைச் சுருட்டிக் குழாயில் போட்டுக்கொண்டு ஓடினான். பேனை அவன் சட்டைப்பையோடு போய்விட்டது.

பன்னிரண்டு நாள் கழித்துத் துரையின் கடிதம் வந்தது. மட்டங்கள் துல்லியம், படம் மிக நேர்த்தி, தலைமைப் படவரைஞர் நாகேந்திரத்துக்கு வாழ்த்துகள். நாகேந்திரம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “எனக்குக் கிடைச்சால் என்ன, உனக்குக் கிடைச்சால் என்ன மச்சான், எல்லாம் ஒண்டுதானே” என்றான். அதை மனதாரச் சொன்னான். கண்கூடக் கலங்கியிருந்தது. அவன் பொய் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்று சோறு இறங்கவில்லை, ஆனாலும் ஆறு மணிக்குப் போய் மட்டம் எடுத்தேன்.

மறுநாள் கார்த்திகை 19. மலைநாட்டில் மூன்று நாளாக மழை. ஆறு செம்மண் நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது. காலையில் நடைப்பலகையின் இரண்டாவது முளை அசைவதைக் கவனித்தேன். ‘முளை தளர்ந்துள்ளது’ என்று களப் புத்தகத்தில் எழுதியும் வைத்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படித்திருக்கலாம். நாகேந்திரம் புத்தகம் திறக்கிற ஆள் இல்லை.

மாலையில் அவன் முதல் தடவையாக என்னோடு ஆற்றுக்கு வந்தான். தலைமைப் படவரைஞர் மேற்பார்வை செய்ய வேண்டுமாம். தலையில் தொப்பி.

“இண்டைக்கு நான் வாசிக்கிறன் மச்சான். அந்தக் கோலைத் தாவன், ஊண்டிக்கொண்டு போறன்.”

என் கையில் இருந்தது பதினாலடி மட்டக்கோல். நான் கொடுக்கவில்லை. கோல் வேண்டாம், பலகையில் நடந்து போனாலே வாசிக்கலாம் என்றேன். ஆறு வருடத்தில் அவனுக்கு ஒன்றை இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லுவது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இருக்கவில்லை.

அவன் போனான், நடைப்பலகை சரிந்தது. நல்ல வேளையாக மட்டப்பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். தண்ணீர் கழுத்தளவு இழுத்தது.

“மச்சான்” என்று கூப்பிட்டான்.

நான் மட்டத்தைப் பார்த்தேன். ஏழு அடி நாலு அங்குலம். அவன் தொங்கிக்கொண்டிருந்ததால் பலகை சற்றுச் சாய்ந்திருந்தது, அதற்கு அரை அங்குலம் கழிக்க வேண்டும்.

“மச்சான், கையைத் தாவன்.”

இராமர் அவர்களே, ‘தாவன்’ என்ற அந்தச் சொல்லை நான் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன் என்று எண்ணிப் பாருங்கள். கையைக் கொடுத்தால் அது திரும்பி வருமா என்று ஒரு யோசனை வந்தது. பகிடிக்குச் சொல்லவில்லை, அந்த நேரத்தில் அப்படித்தான் யோசித்தேன். பிறகு ஊர் வழக்கம் நினைவுக்கு வந்தது. முதல் கூப்பாடு ஆற்றினுடையது, இரண்டாவது ஆற்றோடு போனவர்களுடையது, இரண்டுக்கும் அசையக் கூடாது. கொழும்பிலிருந்து போகிறவர்கள் வெளியூர் வழக்கங்களை ஏளனம் செய்வது எனக்குப் பிடிக்காத ஒன்று. நான் மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். அவசரப்படாமல், நல்ல பொறுமையோடு காத்திருந்தேன்.

அவன் மூன்றாவது தரம் கூப்பிடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மழை விட்டு மேற்கே வெளிச்சம் வந்திருந்த நேரம். முகம் நன்றாகத் தெரிந்தது, கன்னத்தில் ஒட்டியிருந்த மருத இலைகூடத் தெரிந்தது. முதலில் பயந்த முகமாக இருந்தது, கொஞ்ச நேரத்தில் வேறு மாதிரி ஆகிவிட்டது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக நான் யார் என்று யோசிப்பவன் போலப் பார்த்தான். பிறகு மட்டப்பலகை பிடுங்கிக்கொண்டு போனது. அதனால் மறுநாள் காலை மட்டம் எடுக்க முடியாமல் போயிற்று. களப் புத்தகம் முழுவதிலும் அந்த ஒரே ஒரு கட்டம்தான் வெறுமையாக இருக்கிறது, பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

தொப்பி மட்டும் கரையோரச் சுழியில் சுற்றிக்கொண்டிருந்தது. கோலை நீட்டி இழுத்தெடுத்து, உதறி, உள்ளே பார்த்தேன். மை கரையவில்லை. அதற்குப் பிறகு குடிசைப் பக்கம் திரும்பி “ஸாலிஹ் காக்கா” என்று பலமாகக் கூப்பிட்டேன். மூன்று தரம் கூப்பிட ஆயத்தமாகத்தான் இருந்தேன், ஆனால் அவர் முதல் கூப்பாட்டுக்கே ஓடிவந்தார். எனக்குப் பெரிய வியப்பு. பிறகுதான் விளங்கியது, ஆற்று இரைச்சலில் அங்கே சொல் கேட்காது, கூப்பாடு மட்டும்தான் கேட்கும். அவருடைய எண்ணிக்கையில் அது மூன்றாவது.

அந்த வயதிலும் இருட்டும் வரை திரும்பத் திரும்ப மூழ்கித் தேடினார். “எறங்குங்க தம்பி, எறங்கிப் பாருங்க” என்று அவர் கத்தியதால் நானும் இடுப்பளவு இறங்கி நின்றேன். ‘பாய்ந்தனன்’ என்று புலவர் எழுதியிருப்பது அதைத்தான். கவிஞருக்கு உள்ள உரிமை அது, அதை நான் தொடவில்லை. என் கவலை எண்ணிக்கை பற்றி மட்டும்தான்.

மூன்றாம் நாள் கீழ் வளைவில் உடல் கிடைத்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர், ஆற்றைக் கடக்கவே பயந்தார். ஸாலிஹ் காக்கா சாட்சி சொன்னார்: “ரெண்டு கூப்பாடு கேட்டிச்சு, எழும்பல்ல. நான் வலைய வெச்சிட்டு எண்ணிட்டு இருந்தன். மூணாவதுக்கு ஓடிவந்தன்.” சொல்லிவிட்டு எல்லார் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அதிகாரி ‘இறந்தவர் மூன்று முறை கூவினார்’ என்று எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கையில் கோல் இருந்ததே, நீட்டவில்லையா என்று கேட்டார். எட்டவில்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். வேறொன்றும் கேட்கவில்லை, கேட்காத கேள்விக்குப் பதில் எழுதுவது எங்கள் கந்தோரில் வழக்கம் இல்லை.

இப்போது யன்னலோர மேசையில் நான் இருக்கிறேன். தற்காலிகமாகத்தான், ஆனால் துரை திருப்தியாக இருக்கிறார். போன ஞாயிறு ஜெகதீஸ்வரி அக்கா போடிங்குக்கு வந்து நாகேந்திரத்தின் பெட்டியைத் திறந்தார். அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் வைத்தார். “அவன்ரை ஞாபகமா வைச்சிருங்கோ தம்பி” என்று என் குடையைத் தந்தார், என் சவரக்கத்தியைத் தந்தார், என் அப்பாவின் சால்வையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தந்தார். எல்லாவற்றையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். பிறகு புலவரின் பாட்டை எடுத்துக் காட்டினார். “மூண்டு தரம் கூப்பிட்டிருக்கிறான் தம்பி. உங்களை எவ்வளவு நம்பியிருந்தால் மூண்டு தரம் கூப்பிட்டிருப்பான்” என்று அந்த வரியை விரலால் தடவிக் காட்டினார்.

என் மனம் பொறுக்காமல் போனது இந்த இடத்தில்தான். முதலிரண்டும் அவனுடையவை, நான் மறுக்கவில்லை. மூன்றாவதை என் தொண்டை நோக நான் கூப்பிட்டேன். ஆற்றங்கரையில் நாங்கள் போய் இறங்கிய நாளிலும் தோணியை வரவழைத்தது என் கூப்பாடு, அன்றும் அது அவன் பெயரில் போனது. இப்போது அச்சிலும் அவன் பெயரில் போகப் பார்க்கிறது.

புலவர் எதுகை கெட்டுவிடும் என்பார். கெடாது. முதல் வரியில் ‘இருமுறை’ என்று போட்டு, அடுத்த வரியில் ‘அம்முறை’ என்பதை ‘ஒருமுறை’ என்று மாற்றச் சொல்லுங்கள். பாடிப் பார்த்தேன், முன்னையிலும் நன்றாக இருக்கிறது.

ஸாலிஹ் காக்காவின் சாட்சியத்தைக் காட்டி அவர் மறுக்கவும் கூடும். காக்காவே இனி எண்ணிக்கை பற்றிப் பேசமாட்டார். நான் ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று, என்னை ஏற்றுவதற்காகத் தோணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். எதிர்க்கரையிலிருந்து ஒரு பெண் ஒரே ஒரு தரம்தான் கூப்பிட்டாள். “இந்தா வாறன், இந்தா வாறன்” என்று குரல் நடுங்கக் கத்திக்கொண்டு, நான் சரியாக உட்காருவதற்குள் தோணியைத் தள்ளிவிட்டார். ஊரே நூறு வருடம் காத்துவந்த வழக்கம் அப்படி ஒரே நாளில் போனதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது.

நடு ஆற்றில் துடுப்பை நிறுத்தி என்னைப் பார்த்தார். என் தலையைப் பார்த்தார் என்பதுதான் சரி.

“கோல் எட்டல்லண்டு சொன்னீங்க. அந்தத் தம்பிர தலையில கெடந்த தொப்பி எப்பிடித் தம்பி ஓங்கட கைக்கு வந்த?”

“தொப்பி என்னுடையது, காக்கா” என்றேன். உள்ளே எழுதியிருந்த பெயரையும் கழற்றிக் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. அதற்குப் பிறகு கரை சேரும் வரை அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

காரணம் இவ்வளவுதான். இந்தக் கடிதத்தைப் புலவரிடம் காட்டலாம், காட்டியதும் திருப்பி வாங்கி எனக்கு அனுப்பிவையுங்கள், தாள் என்னுடையது. அக்காவிடம் மட்டும் காட்ட வேண்டாம். அவருக்குக் கவிதை விளங்கும், கணக்கு விளங்காது.

ஆகவே, பன்னிரண்டாம் பக்கம், ஏழாம் வரி: இருமுறை. மூன்றாவது கூப்பாடு என்னுடையது. அதை நான் அவனுக்கு இரவல் கொடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஸ்ரீஸ்கந்தராசா
தலைமைப் படவரைஞர், தற்காலிகம்